காலேஜ் சுவத்துல இருந்த ஓட்டை: கேம்பஸையும் ஊரையும் சேத்து ப்ளான் பண்றதுன்னா என்ன?

நான் படிச்ச காலேஜ் ஹைவேயை ஒட்டி இருந்துச்சு, பேர் வேணாம், அதோட பின்பக்க காம்பவுண்ட் சுவத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, ஒரு ஆள் குனிஞ்சு போற அளவு. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்த ஓட்டை அது. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள மூணு தடவை ஹாலோ பிளாக் வெச்சு அடைச்சாங்க, மூணு தடவையும் ரெண்டு வாரம் கூட தாங்கல. காரணம் ரொம்ப சிம்பிள், மெயின் கேட் ஹைவே பக்கம், ஊரு பின்பக்கம், பசங்க ரூம் எடுத்து தங்கறது ஊருக்குள்ள, டிபன் கடை ஊருக்குள்ள, ரெக்கார்ட் நோட்டு, ஜெராக்ஸ், பைண்டிங் எல்லாமே ஊருக்குள்ள, கேட் வழியா சுத்திட்டு போனா ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் லாரி போற ரோட்டு ஓரமா, ஓட்டை வழியா போனா எரநூறு அடி.

அசெம்ப்ளில இதை ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமா பேசுவாங்க, பிடிபட்டவங்களுக்கு ஃபைன் போடுவாங்க. நானும் அப்போ அப்படித்தான் நம்பினேன், ஏதோ தப்பு பண்றோம்னு. இப்போ பன்னெண்டு வருஷமா தர்மபுரில லேஅவுட் ப்ளான், பில்டிங் ப்ளான் போடற வேலை பாக்குறேன், இப்போ அந்த ஓட்டையை நெனச்சா எனக்கு தோணறது ஒண்ணுதான், கேட் இருக்க வேண்டிய எடம் அதுதான், ப்ளான் போட்டவங்க அதை கவனிக்கல.

எங்க சித்தப்பா பையன் இந்த வருஷம் ஆர்க்கிடெக்சர் சேந்திருக்கான், "கேம்பஸ் ப்ளானிங்னு ஒரு பேப்பர் வருதுண்ணா, அது என்ன, எந்த பில்டிங் எங்க கட்டறதுன்னு முடிவு பண்றதுதானே?"ன்னு கேட்டான். அவனுக்கு சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், இந்த துறையே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி.

பில்டிங்கை எங்க வைக்கறதுன்றது பாதி வேலைதான். கிளாஸ் பிளாக் இங்க, லேப் அங்க, ஹாஸ்டல் அந்த மூலைல, நடுவுல மரம்னு அம்பது ஏக்கருக்குள்ள கட்டம் போடறதை யாரு வேணா கத்துக்கலாம். மீதி பாதி அந்த அம்பது ஏக்கருக்கு வெளிய இருக்கு. ஏற்கனவே அங்க ஒரு ஊரு இருக்கும், இல்லன்னா காலேஜ் வந்த அஞ்சாறு வருஷத்துல ஒரு ஊரு தானா முளைக்கும், அந்த ஊரோட ரோடு, பஸ், தண்ணி, சாக்கடை, வாடகை, கடை, விளையாடற எடம் எல்லாம் காலேஜோட எங்க எப்படி சேரும்னு நிலம் முடிவாகறதுக்கு முன்னாடியே யோசிச்சு ரெண்டையும் ஒரே ஷீட்ல வரையறதுதான் நான் சொல்ல வர்றது. எங்க வேலைல டோப்போ ஸ்கெட்ச்னு ஒண்ணு வைப்போம், மனையை சுத்தி என்ன ரோடு, என்ன ஏரி, எந்த கரண்ட் லைன் போகுதுன்னு காட்டற ஷீட். ஃபைல்ல அது கடைசியா சேர்ற பேப்பர். கேம்பஸ்னு வந்துட்டா அதைத்தான் முதல்ல கையில எடுக்கணும்.

ஆரம்பத்துல யுனிவர்சிட்டிக்கு சுவரே கிடையாது, இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும். இத்தாலில பொலோன்யா யுனிவர்சிட்டி 1088ல தொடங்கினதா சொல்வாங்க, ஐரோப்பாவோட பழைய யுனிவர்சிட்டி, வாத்தியாருங்க வாடகை வீட்லயும் அவங்கவங்க சொந்த வீட்லயும் பாடம் எடுத்தாங்க, எல்லாத்துக்கும் சேத்து ஒரு பெரிய கட்டடம்னு வந்ததே 1563லதான். அதாவது கிட்டத்தட்ட 475 வருஷம் ஊரேதான் கேம்பஸ். இது கேக்க நல்லா இருக்கு, ஆனா எப்பவும் சுமுகமா இல்ல. இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ல 1355 பிப்ரவரில ஒரு மதுக்கடைல ஊத்தின ஒயின் நல்லா இல்லன்னு மாணவங்க சண்டை போட ஆரம்பிச்சு, அது ஊருக்கும் காலேஜுக்கும் நடுவுல அடிதடியா மாறி, ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 90 பேரு செத்துப் போனாங்க. சண்டைக்கு அப்புறம் ராஜா யுனிவர்சிட்டி பக்கம் நின்னாரு, ஊருக்காரங்க வருஷா வருஷம் சர்ச்சுக்கு வந்து அபராதம் கட்டணும்னு ஆச்சு, அது 1825 வரைக்கும் நடந்துச்சு. மாணவங்க வெளியூர்ல இருந்து வர்றவங்க, கையில கொஞ்சம் காசு, சலுகை, ஊருக்காரங்களுக்கோ அதே தெருவுல வாடகை ஏறுது, சாமான் விலை ஏறுது. இந்த உரசல் எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு, இன்னைக்கு எந்த காலேஜ் ஊருக்கு போனாலும் டீக்கடைல கேக்கலாம்.

நம்ம பக்கம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857ல வந்துச்சு, சேப்பாக்கத்துல பீச் ரோட்டை பாத்து நிக்குது, வாசல்ல பஸ் நிக்கும். 1929ல வந்த அண்ணாமலை யுனிவர்சிட்டிக்கு சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலைநகர்னு ஒரு ஊரே உருவாச்சு. ஐஐடி 1959ல கிண்டி காட்டுக்குள்ள போச்சு, அறுநூறு ஏக்கருக்கு மேல, மானு ஓடும், மரம் தப்பிச்சதுன்றது உண்மையிலேயே பெரிய விஷயம், ஆனா வேளச்சேரிக்காரருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நீள சுவருதான். ஊருக்குள்ள இருக்கறது, ஒட்டி இருக்கறது, ஒதுங்கி இருக்கறதுன்னு இந்த மூணு வகைக்குள்ள ஏறக்குறைய எல்லா கேம்பஸும் அடங்கிடும்.

தர்மபுரி கிருஷ்ணகிரிலயும் இந்த மூணையும் பாக்கலாம். தர்மபுரி கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் 2008ல வந்தப்போ ஊருக்குள்ள இருந்த ஆஸ்பத்திரியோட சேந்தே வந்துச்சு. கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் 2022 ஜனவரில திறந்தாங்க, அது டவுனை தாண்டி போலுப்பள்ளில. இஞ்சினியரிங் காலேஜ்னு பாத்தா பர்கூர்ல 1994ல வந்தது ஒண்ணு, அப்புறம் தர்மபுரிக்கு பக்கத்துல செட்டிகரைல வந்தது ஒண்ணு. பெரியார் யுனிவர்சிட்டியோட பி.ஜி. விரிவாக்க மையம் பைசுஅள்ளில. இதுல எது சரி எது தப்புன்னு சொல்ல வரல, ஊருக்குள்ள இருந்தா நோயாளிக்கு பஸ் ஸ்டாண்ட்ல இருந்து சுலபம் ஆனா விரிவாக்க எடம் கிடைக்காது, வெளிய போனா எடம் தாராளம் ஆனா ஒவ்வொரு ஆளும் ஒரு பஸ் ஏறியாகணும். எதை எடுத்தாலும் ஒரு செலவு இருக்கு, அந்த செலவை யார் தலைல வைக்கறோம்னு முன்னாடியே தெரிஞ்சு வைக்கணும்.

வாசல் எந்தப் பக்கம்

ஒரு கேம்பஸ் ஊரை எப்படி பாக்குதுன்னு தெரியணும்னா அதோட பில்டிங்கை பாக்காதீங்க, ஓரத்தை பாருங்க. ரோட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல இருக்கற அந்த பத்து இருபது அடி. அங்க எட்டடி சுவரும் மேல முள்கம்பியும் இருக்கா, இல்ல கடை, பஸ் நிழற்குடை, உக்கார திண்ணை, உள்ள போக சின்ன வாசல் இருக்கா? சுவரு நீளமா இருக்கற ரோட்டுல சாயங்காலம் ஆறரைக்கு மேல ஒரு பொண்ணு தனியா நடக்க யோசிக்கும், ஏன்னா அந்த பக்கம் கதவு இல்ல, ஜன்னல் இல்ல, கூப்பிட்டா வர ஆள் இல்ல. அதே ரோட்டுல நாலு கடை லைட் போட்டு இருந்தா பயம் பாதி போயிடும்.

வாசல் எவ்வளவு பெரிய விஷயம்னு நியூயார்க்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். கொலம்பியா யுனிவர்சிட்டி 1960கள்ல பக்கத்துல இருந்த மார்னிங்சைடு பார்க்ல ஒரு ஜிம் கட்ட ஆரம்பிச்சாங்க. பார்க் பொதுச் சொத்து. மேட்டு மேல யுனிவர்சிட்டி, பள்ளத்துல கறுப்பின மக்கள் அதிகமா வாழ்ந்த ஹார்லெம். டிசைன்ல மேல மாணவங்களுக்கு ஒரு வாசல், கீழ ஹார்லெம்காரங்களுக்கு வேற வாசல், அவங்களுக்கு கிடைக்கறது கட்டடத்துல கொஞ்சம் பங்குதான். 1968 ஏப்ரல்ல மாணவங்களும் ஊருக்காரங்களும் எதிர்த்து நின்னாங்க, வியட்நாம் போர் கோபமும் சேந்துக்கிச்சு, கட்டடங்களை பிடிச்சு உக்காந்தாங்க, கடைசில ஜிம் திட்டமே கைவிடப்பட்டுச்சு. நம்ம ஊருல டீக்கடைல ரெண்டு டம்ளர் வெச்ச கதை தெரிஞ்ச யாருக்கும் இந்த ரெண்டு வாசல் ஏன் அப்படி சுட்டுச்சுன்னு விளக்கவே வேண்டியதில்ல.

அதே யுனிவர்சிட்டி பின்னாடி மேன்ஹாட்டன்வில்னு 17 ஏக்கர்ல விரிவாக்கம் பண்ணப்போ கட்டடங்களோட தரைத்தளத்தை பொது மக்களுக்கு திறந்து விட்டாங்க, கேட் கிடையாது, தெரு நேரா உள்ள போகும். 2009ல அந்த பகுதி மக்கள் அமைப்போட 15 கோடி டாலர் மதிப்புக்கு ஒரு ஒப்பந்தமும் போட்டாங்க, வீடு, வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம்னு. எல்லாம் சுபமா முடிஞ்சதுன்னு நான் சொல்லல, நிலத்தை விக்க மாட்டேன்னு நின்ன சில ஓனருங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2010ல கோர்ட் அரசு எடுத்துக்கலாம்னு சொல்லிடுச்சு. ஆனா 1968க்கும் 2009க்கும் நடுவுல ஒண்ணு மாறியிருக்கு, ஊருக்காரங்களோட உக்காந்து எழுதி கையெழுத்து போடாம அங்க கட்ட முடியாதுன்ற நெலமை வந்திருக்கு.

பிலடெல்ஃபியா கதை இன்னும் கிட்டத்துல நின்னு பாக்க வேண்டியது. பென்சில்வேனியா யுனிவர்சிட்டியை ஒட்டி 1960கள்ல பிளாக் பாட்டம்னு ஒரு குடியிருப்பு இருந்துச்சு, பெரும்பாலும் கறுப்பின குடும்பங்க, நகர சீரமைப்புன்ற பேர்ல அதை இடிச்சு ஆயிரக்கணக்கான பேரை வெளியேத்தினாங்க. அந்த வடு ஆறவே இல்ல. 1990கள்ல அந்த பக்கம் குற்றம் அதிகமாகி மாணவங்க சேரவே பயந்தாங்க, சுவரை இன்னும் உசத்தலாம்னு யாரும் யோசிக்கற நேரம் அது. 1994ல தலைவரா வந்த ஜூடித் ரோடின் வேற பக்கம் திரும்பினாங்க, அதே ஊருல பொறந்து வளந்தவங்க அவங்க. தெரு விளக்கு, துப்புரவு, ரோட்டை பாத்து புத்தகக்கடை, சாமான் வாங்க ஒரு சூப்பர் மார்க்கெட், யுனிவர்சிட்டி ஸ்டாஃப் அதே பகுதில வீடு வாங்கினா கடன் உதவி, முடிஞ்ச வரைக்கும் சாமான் உள்ளூர் கடைல வாங்கறது, எல்லாத்துக்கும் மேல 2001ல நகர பள்ளித் துறையோட சேந்து ஒரு பொதுப் பள்ளிக்கூடம். அந்த பள்ளிக்கு யுனிவர்சிட்டி இன்னும் காசு குடுக்குது.

எல்லாரும் மெச்சினாங்க, நியாயமாவே. ஆனா பள்ளி நல்லா இருந்ததாலயே அதோட எல்லைக்குள்ள வீட்டு விலை ஏறுச்சு, 2013ல எல்.கே.ஜி. மாதிரி வகுப்புக்கு சீட் வாங்க பெத்தவங்க நாள் கணக்கா குளிர்ல வரிசைல நின்னாங்க, அப்புறம் குலுக்கல் முறைக்கு மாத்தினாங்க. ஏழைங்க மெதுவா தள்ளிப் போக வேண்டி வந்துச்சு. இடிச்சு வெளியேத்தினது ஒரு காலம், வாடகை ஏத்தி வெளியேத்தினது அடுத்த காலம். இந்த ரெண்டாவது வகை நம்ம ஊருக்கும் வரும், சத்தமே இல்லாம வரும், அதை பத்தி கீழ சொல்றேன்.

வெறும் வயக்காட்டுல ஒரு ஊரு

அமெரிக்கா கதையெல்லாம் நெரிசலான பெரிய நகரத்துல நடந்தது, நம்ம ஊருல வானம் பாத்த மானாவாரி நிலமும் மாந்தோப்பும்தானேன்னு கேப்பீங்க. அதுக்கு பெல்ஜியம் பொருத்தமா இருக்கும். லூவன்ல இருந்த பழைய யுனிவர்சிட்டி மொழிச் சண்டைல 1968ல ரெண்டா பிரியணும்னு ஆச்சு, ஃபிரெஞ்சு பேசறவங்க பக்கம் வேற எடம் தேட வேண்டி வந்துச்சு, பீட்ரூட் போட்டுட்டு இருந்த ஒரு விவசாய பூமிக்கு போனாங்க, 1971ல அடிக்கல். அவங்க எடுத்த முதல் முடிவுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது: கேம்பஸ் கட்டல, ஊரு கட்டினாங்க. லூவன்-லா-நவ்னு பேரு. கிளாஸ்ரூமுக்கு கீழ கடை, பக்கத்து வீட்ல மாணவரே இல்லாத குடும்பம், நடுவுல சந்தை. ஊரு நடுவுல பெரிய கான்கிரீட் தளம் போட்டு கார், ரயில் எல்லாத்தையும் அதுக்கு கீழ விட்டுட்டாங்க, மேல முழுக்க நடக்கறவங்களுக்கு.

இன்னொரு முடிவு, லேஅவுட் வேலை பாக்கறவன்ற முறைல என்னை உலுக்கினது இதுதான்: நிலத்தை யுனிவர்சிட்டி விக்கல, நீண்ட கால குத்தகைக்கு குடுத்துச்சு. நம்ம பக்கம் ஒரு காலேஜ் வருதுன்னு பேச்சு அடிபட்டாலே போதும், அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற சர்வே நம்பர்ல பாதி கை மாறிடும், களத்துமேடா இருந்தது கல்லு நட்ட மனையாயிடும், ஊருக்காரங்க சல்லிசா வித்துட்டு அப்புறம் அதே எடத்துல வாடகைக்கு கடை கேட்டு நிப்பாங்க. எனக்கு வர்ற வேலைல ஒரு பங்கு இதுலதான் வருது, அதனாலயே இதை சொல்ல எனக்கு கடமை இருக்குன்னு நெனைக்கறேன். காலேஜை சுத்தி அரை கிலோமீட்டருக்கு என்ன வரணும்னு அரசோ பஞ்சாயத்தோ முன்னாடியே வரையலன்னா, யாரு முதல்ல வாங்கறாங்களோ அவங்க வரையறதுதான் ப்ளான்.

பஸ், ரூம், தண்ணி

2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கம்மியா இருந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். இந்த மாவட்டத்துல ஒரு பொண்ணு காலேஜ் போறாளா இல்லையான்றது பல வீட்ல மார்க்கை விட பஸ்ஸை பொறுத்துத்தான் முடிவாகுது. பென்னாகரம் பக்கம், அரூர் பக்கம் ஒரு அப்பா கேக்கற கேள்வி "பஸ்ஸு ஊட்டுகிட்ட வருதா, இருட்டறதுக்குள்ள வந்துருவியா கண்ணு"ன்றதுதான். 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. இப்போ யோசிச்சு பாருங்க, காலேஜ் டவுன் பஸ் ரூட்ல இருந்தா அந்த பொண்ணுக்கு போக்குவரத்து செலவே கிடையாது, ஹைவேல வெளியூர் பஸ் மட்டும் போற எடத்துல இருந்தா தினமும் காசு, அதுவும் டிரைவர் நிறுத்தினாதான். ஒரே காலேஜ், ஒரே ஃபீஸ், எடம் மட்டும் மூணு கிலோமீட்டர் தள்ளி, அதுக்குள்ள ஒரு பொண்ணோட படிப்பு அடங்கியிருக்கு.

ஹைவே பத்தி இன்னும் கொஞ்சம். சேலத்துல இருந்து தொப்பூர் ஏறி தர்மபுரி, காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி, ஓசூர்னு பெங்களூர் போற ரோடு நாடு முழுக்க ஓடற லாரியெல்லாம் வர்ற ரோடு. நிலம் பாக்கறவங்களுக்கு ஹைவே ஃப்ரன்டேஜ்னா பெருமை, போர்டு நல்லா தெரியும். ஆனா பஸ் இறங்கினது ஒரு பக்கம் காலேஜ் எதிர் பக்கம்னா, காலைல எட்டே முக்காலுக்கு எண்ணூறு பேரு டிவைடர் தாண்டணும். அண்டர்பாஸோ நடைமேம்பாலமோ ரோடு போடறப்போவே கேட்டு வாங்கலன்னா அப்புறம் வருஷக்கணக்கா மனு குடுக்கணும், அதுக்கு நடுவுல நடக்கறது என்னன்னு இந்த ரோட்டு ஓரம் இருக்கற எல்லா ஊருக்கும் தெரியும். என் கிளாஸ்ல ஒருத்தன் அப்படித்தான் போனான். அதனால நான் இதை கணக்கா மட்டும் பேச முடியல.

ரூம் விஷயம். ஹாஸ்டல் கம்மியா கட்டினா பசங்க ஊருக்குள்ள வருவாங்க. ஊருக்கு அது வருமானம், மாடில ஒரு ரூம் எடுத்து விட்டு அந்த வாடகைல பொண்ணு கல்யாணக் கடனை அடைச்ச அம்மாவை எனக்கு தெரியும், மெஸ் வெச்சு ரெண்டு பிள்ளைங்களை படிக்க வெச்ச அக்காவையும் தெரியும். ஆனா நாலு பசங்க சேந்து ஆளுக்கு ரெண்டாயிரம்னு எட்டாயிரம் குடுக்கறப்போ அஞ்சாயிரம் குடுத்துட்டு இருந்த சமையல் மாஸ்டர் குடும்பம் வீட்டை காலி பண்ணும், பிலடெல்ஃபியால நடந்தது இங்க நடக்கறது இப்படித்தான், இடிக்கறது இல்ல, புல்டோசர் இல்ல. முழுக்க ஹாஸ்டல்னு எல்லாரையும் உள்ள அடைச்சாலும் தப்பு, ஊருக்கு பத்து பைசா வராது. எவ்வளவு பேரு உள்ள, எவ்வளவு பேரு வெளியன்றதை அட்மிஷன் கூட்டறப்போ எல்லாம் ஊரோட சேந்து கணக்கு பாக்கணும், இதுக்கு ரெடிமேடா ஒரு நம்பர் கிடையாது.

தண்ணிக்கு கணக்கு இருக்கு. தங்கி இருக்கற ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு 45 லிட்டர்னு டிசைன்ல எடுப்போம். ஹாஸ்டல்ல 1,000 பேரு, வந்து போறவங்க 2,000 பேருன்னு வெச்சா, 1,35,000 கூட்டல் 90,000, மொத்தம் 2,25,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரின்னா தினமும் 19 லோடு. நம்ம மாவட்டத்துல இது எங்க இருந்து வரும்? ஆழமா போர் போட்டா பக்கத்து கிணறு எறங்கும், அதோட இந்த பக்கத்து நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு இருக்கு, பல்லுல காவி கறை விழுந்த தலைமுறையே இருக்கு, அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு 2013ல. ஊருக்கு வர்ற அந்த தண்ணில காலேஜுக்கு எவ்வளவுன்றது ஒரு பெரிய கேள்வி. அப்புறம் உள்ள போன தண்ணில சுமார் 80 சதவீதம் கழிவா வெளிய வரும், அதாவது 1,80,000 லிட்டர். சுத்திகரிச்சு மரத்துக்கும் கக்கூஸ் ஃப்ளஷுக்கும் விட்டா தண்ணி தேவையே கணிசமா குறையும், விடலன்னா பள்ளம் பாத்து ஓடும், நம்ம பக்கம் பள்ளம்னா அது ஏரிதான்.

ஏரின்னு சொன்னதும் இன்னொண்ணு. இங்க நிறைய நிலத்துக்கு நடுவுல நீர்வரத்து கால்வாய் போகும், வருஷத்துல பத்து மாசம் காஞ்சு கிடக்கறதால சும்மா பள்ளம் மாதிரி தெரியும், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்ல, அதாவது சர்வே நம்பரோட அளவு வரைபடத்துல மட்டும் கோடா இருக்கும். காம்பவுண்ட் சுவரு போடறப்போ அதை மறிச்சுட்டா ஐப்பசி மழைல தண்ணி சுத்தி ஊருக்குள்ள வரும், ஏரி மட்டும் ரொம்பாது. சுவத்துக்கு அடியில சரியான அகலத்துல கல்வெர்ட், அதாவது தண்ணி போற சின்ன பாலம் விட்டுட்டா இந்த பிரச்சனையே இல்ல, செலவும் பெருசா இல்ல.

பொதுவா வைக்கறது

கிரவுண்ட், லைப்ரரி, ஆடிட்டோரியம் இதெல்லாம் காலேஜ்ல பாதி நேரம் பூட்டித்தான் கிடக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கிரவுண்டுக்கு ஒரு தனி வாசல் வெச்சு ஊர் பசங்களுக்கு விடறது, போலீஸ் வேலைக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கறவங்க காலைல வர்றது, டி.என்.பி.எஸ்.சி. படிக்கறவங்களுக்கு லைப்ரரில ஒரு ஹால், இதுக்கெல்லாம் பில்டிங்கை வைக்கற எடத்துலயே யோசிக்கணும். கிரவுண்டு கேம்பஸ் நடுவுல இருந்தா பாதுகாப்பு காரணம் சொல்லி யாரையும் விட மாட்டாங்க, ஓரத்துல ஊரை ஒட்டி இருந்தா விடலாம்.

இதுல லேஅவுட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு. 3,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மீதி எடத்துல 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கணும், ஓ.எஸ்.ஆர்.னு சொல்வோம். ரோடு போக ரெண்டு ஏக்கர் நின்னா இருபது சென்ட். காலேஜை சுத்தி பத்து லேஅவுட் வந்தா ரெண்டு ஏக்கர் ஆகுது, ஆனா அது பத்து மூலைல பத்து துண்டா, விக்க முடியாத கோணல் மாணல் எடமா பாத்து ஒதுக்கியிருப்பாங்க, முள்ளு மொளைச்சு கிடக்கும். அந்த துண்டுகளை காலேஜ் கிரவுண்டை ஒட்டி ஒரே பக்கம் வர்ற மாதிரி முன்னாடியே வரைபடம் இருந்தா ஊருக்கு ஒரு முழு மைதானம் கிடைக்கும், யார் கையில இருந்தும் ஒரு ரூபா கூட அதிகம் போகாது. இதை எல்லா மீட்டிங்லயும் சொல்லிட்டு இருக்கேன், இன்னும் சொல்வேன்.

யாரு இதை முடிவு பண்றது, நமக்கு என்ன அதிகாரம்னு தம்பி கேட்டான். 1971ல வந்த நகர் ஊரமைப்புச் சட்டப்படிதான் முழுமைத் திட்டம் போடறாங்க, எந்த எடம் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது கல்வின்னு அதுல வரும், வரைவு வெளியிடறப்போ ஆட்சேபணை, யோசனை சொல்ல அவகாசம் குடுப்பாங்க, நம்ம ஆளுங்க முக்காவாசி பேரு அந்த நாளை தவற விட்டுட்டு அப்புறம் வருத்தப்படறோம். கிராமமா இருந்தா கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துல ஆறு. "காலேஜ் வேணாம்"னு தீர்மானம் போட சொல்லல, காலேஜ் நமக்கு வேணும், ரொம்பவே வேணும். பின்பக்கம் ஒரு வாசல், கால்வாய்க்கு கல்வெர்ட், டவுன் பஸ் உள்ள வரைக்கும் வர்றது, சாயங்காலம் கிரவுண்டுன்னு நாலு வரி எழுதி தீர்மானமா போட்டு குடுங்க, எழுத்துல இருந்தா ஃபைல்ல நிக்கும்.

அப்படி எழுதறதுக்கு கையில கணக்கு இருக்கணும், அதுக்கு இஞ்சினியர் வேணாம். தம்பிக்கு நான் குடுத்த முதல் வேலை இதுதான், நீங்களும் உங்க ஊரு காலேஜுக்கு பண்ணலாம். மழை இல்லாத ஒரு திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு போயிடுங்க, பத்து மணி வரைக்கும் நில்லுங்க. கேட்ல ஒரு ஆள், பஸ் ஸ்டாப்ல ஒரு ஆள், சுவத்துல ஓட்டை இருந்தா அங்க ஒரு ஆள், கண்டிப்பா அங்க ஒரு ஆள். ஒரு நோட்டுல கோடு போட்டு பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம், நடந்து வர்றவங்க, பஸ்ல இறங்கறவங்க, டூவீலர், ஷேர் ஆட்டோ எல்லாத்துக்கும் தனித்தனி வரிசை, ஆம்பளை பொம்பளை தனியா எண்ணுங்க, ரோடு தாண்டறவங்களுக்கு பக்கத்துல ஒரு புள்ளி வைங்க. சாயங்காலம் மூணரைல இருந்து ஆறு வரைக்கும் அதே மாதிரி இன்னொரு தடவை, ஏன்னா வர்ற வழியும் போற வழியும் பல பேருக்கு ஒண்ணா இருக்காது.